ஹம்பக்கர் இணைப் பொருத்த விசாரம்

மின்கிடாரின் கழுத்துப் பக்கத்துக்கு ஒன்றும் குதிரைப் பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு ஹம்பக்கர் பிக்கப்புகளைத் தேர்ந்தெடுக்கும் பிரச்னை, ஒன்பது நகரக் கோயில்களையும் அவற்றின் பிரிவுகளையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, பங்காளிகளுக்குள் நேராமல் சம்பந்தம் பேசும் காரைக்குடி நகரத்தார் பெரியவர்களிடம் அன்றே விடப்பட்டிருந்தால், இன்றைய இளைஞருக்கு இவ்வளவு பொருள்விரயம் நேர்ந்திராது என்பதே இவ்வாராய்ச்சியின் பிரதிக்ஞை.

முதலில் லக்ஷணம். வினாடிக்கு 50 சுழற்சியாக ஓடும் நம்மூர் மின்சாரத்தின் ரீங்காரத்தை, டியூப்லைட்டும் விசிறி ரெகுலேட்டரும் ஒற்றைச் சுருள் பிக்கப்பின் காதில் ஓயாமல் ஓதுகின்றன. கிப்ஸன் நிறுவனத்தின் ஸேத் லவர் 1955-இல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்துக் காந்த முனைகளையும் மாற்றிவைக்க, வெளியிலிருந்து வந்த இரைச்சல் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டது. தந்தியின் நாதமோ ஒன்றுகூடி வலுத்தது. ஆக, ஹம்பக்கர் என்பதே உள்ளுக்குள் கோயில் மாறிச் செய்த சம்பந்தந்தான்.

இனி ஸ்தான பலம். குதிரையருகே தந்தி கட்டுண்டு கிடப்பதால் அசைவு சொற்பம். கழுத்தருகே தாராளமாக வீசி ஆடும். குதிரையை ஒட்டி மீட்டினால் நாதம் கடுக்கும், விலகி மீட்டினால் கனியும் என்பது, 1952-இல் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்ற காரைக்குடி சாம்பசிவ ஐயரின் வீணை மரபில் பயின்ற எவருக்கும் புதிதன்று. எனவே குதிரைக்குச் சுற்று மிகுந்ததும், கழுத்துக்குச் சுற்றுக் குறைந்ததும் கொள்ளவேண்டும். ஒரே பிரிவுப் பங்காளிகளை இரண்டிடத்திலும் அமர்த்தினால் கழுத்து மந்தித்துப்போகும், குதிரை கீச்சிடும்.

இங்கே பூர்வபக்ஷம் எழும்: ஐம்பதுகளின் கிப்ஸன் கிடார்களில் இரண்டிடத்திலும் ஒரே வகை பிக்கப்புதானே இருந்தது? இருந்தது, ஆனால் அன்று சுற்றுகளின் எண்ணிக்கை சீராக அமையாமையால், பிக்கப்புக்குப் பிக்கப்பு பேதம் தானாகவே விளைந்தது. முன்னோர் செய்யத் தவறியதைத் தற்செயல் செய்துகொடுத்தது. பின்வந்த பிக்கப் தயாரிப்பாளர் ஸீமோர் டன்கன் அதைத் திட்டமிட்டே செய்து, குதிரைக்கு ஏறத்தாழ 16 கிலோ ஓம் மின்தடையுள்ள ‘ஜேபி’ பிக்கப்பையும் கழுத்துக்கு அதில் பாதியளவான ‘ஜாஸ்’ பிக்கப்பையும் ஜோடி சேர்த்தார். அந்த ஜோடி இன்றும் பிரசித்தம். ஆயினும் ஓம் கணக்கையே ஜாதகமாக நம்புவது பேதைமை: கம்பியை மெலிதாக்கினாலே ஓம் ஏறிவிடும், பலம் ஏறாது.

பொருத்தத்தில் சிறு குறையிருப்பின் ஸ்க்ரூ டிரைவரே பரிகாரம். கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கழுத்துப் பிக்கப்பைத் தந்திக்குக் கீழே ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டரிலும் குதிரைப் பிக்கப்பை 1.6-லும் நிறுத்தி, அப்புறம் கால் கால் திருகலாகச் செவி சொன்னபடி நகர்த்துக. முதல் திருகலிலேயே காந்தத்தை மாற்றக் கடைக்கு ஓடுபவர் சாஸ்திரத்துக்குப் புறம்பானவர்.

எஞ்சியது குடும்ப நிர்வாகம். லெஸ் பால் கிடாரில் இருவருக்கும் தனி வால்யூம், தனி டோன். கல்யாணமான பிள்ளையை ஒரே வீட்டுக்குள் வேறு வைத்துத் தனியடுப்பு மூட்டிக்கொடுக்கும் நகரத்தார் ஏற்பாடேதான். ஆனால் ஸ்விட்ச் நடுவில் நிற்கையில் ஒருவருடைய வால்யூமைப் பூஜ்யமாக்கினால் மற்றவரும் ஊமையாகிவிடுவர். வால்யூமின் இரண்டு முனைகளை இடம் மாற்றிப் பற்றவைத்தால் இது தீரும். தீர்ந்தபின், வால்யூமைக் குறைக்கும்போதெல்லாம் ஒலியின் கூர்மை மழுங்குகிறதென்று பற்றவைத்த ஆசாமியே மறுபடி சால்டரிங் அயர்னைச் சூடேற்றுவார்.