வயசாச்சு, விடுங்க

தமிழ்நாட்டில் மனநல மருத்துவர்களுக்குப் பஞ்சம் என்று யார் சொன்னது? தெருவுக்கு நாற்பது பேர் இருக்கிறார்கள். எழுபது வயதுப் பெரியவர் நாலு ராத்திரி தூங்காமல் பீரோவைக் குடைந்து, பேரன் பேரில் கல்லூரி கட்டப் போவதாக அறிவிக்கட்டும், நாடி பிடிக்காமலே சொல்லிவிடுவார்கள்: "வயசாச்சு, அப்படித்தான்." அடுத்த மாதம் அவரே சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்தால், "வயசாச்சு, விடுங்க." ஏறினாலும் வயசு, இறங்கினாலும் வயசு. ஆஸ்பத்திரிக்கா? பேத்திக்கு வரன் பார்க்கிற நேரத்தில் யாராவது போவார்களா?

இந்த ஏற்ற இறக்கத்துக்கு இருதுருவ மனநோய் என்று ஒரு பெயர் உண்டு. அது இந்த வீடுகளில் ஒரே ஒரு நாள் நினைவுக்கு வரும். பெரியவர் இளைய மகளுக்கு வீட்டை எழுதிவைக்கப் போகிறார் என்று தெரிகிற நாள். உடனே மூத்தவன் வக்கீலைத் தேடி ஓடுவான்: "அப்பாவுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை சார்." மறுமாதம் அதே அப்பா அதே வீட்டை மூத்தவனுக்கு எழுதிக்கொடுத்தால், பத்திரத்தில் "நல்ல நினைவோடும் பூரண சம்மதத்தோடும்" என்று வரும். மூளை ஒன்றுதான். கையெழுத்து யாருக்கு என்பதைப் பார்த்துத்தான் அது தெளியும், கலங்கும்.

சரி, எப்படியோ டாக்டரிடம் போய் லித்தியம் எழுதி வாங்கியாயிற்று. 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இந்த நோய்க்குப் பயன்படுவதாக எழுதிய மருந்து, விலையும் அதிகமில்லை. ஆனால் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதியவர்களுக்குப் பெரும்பாலும் லிட்டருக்கு 0.4 முதல் 0.8 மில்லிமோல் வரை. 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. வயதானவர்களுக்கு அதற்குக் கீழேயேகூட நஞ்சாகலாம். தளர்ந்த சிறுநீரகம் அதை மெதுவாகத்தான் வெளியேற்றும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் சேர்த்தே பரிசோதிக்க வேண்டும்.

இங்கேதான் நம் நாற்பது பேரும் களத்தில் இறங்குகிறார்கள். முட்டி வலியா? மெடிக்கல் ஷாப்காரர் சீட்டே கேட்காமல் டைக்ளோஃபினாக் கிழித்துக் கொடுப்பார். பிரஷருக்கு இன்னொரு டாக்டர், முன் சீட்டைப் புரட்டாமல், நீர் மாத்திரை எழுதுவார். "உப்பை அடியோடு நிறுத்துங்க" என்பார் நடைப்பயிற்சி நண்பர். மூன்றுமே ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றுகிறவை. கை நடுங்கும், கால் தள்ளாடும், வயிற்றால் போகும், பேச்சு குழறும். அப்போது வீடே கூடி நின்று என்ன சொல்லும்? வயசாச்சு! ஒரு சத்து டானிக் வாங்கிவா.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே மாதிரி மருத்துவக் காப்பீடு தரச் சொல்கிறது. நல்ல காகிதத்தில் அச்சடித்திருக்கிறார்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். அதற்குப் பிறகு நாம் நாகரிகம் அடைந்துவிட்டோம். இப்போது சங்கிலி கிடையாது. மாடி அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள்.

உங்கள் வீட்டுப் பெரியவரின் மாத்திரைச் சீட்டை இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். லித்தியம் என்று இருந்தால், கடைசி மூன்று மாதத்தில் ரத்தம் பார்த்த ரிசல்ட் எங்கே? ரிசல்ட் இல்லையென்றால், நீங்களாக மருந்தை நிறுத்திவிடாமல், அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு நாளைக் காலையிலேயே டாக்டரிடம் போங்கள். கை நடுக்கமும் குழறலும் ஏற்கெனவே இருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள்.