பரிசீலனையார்

எங்கள் தெருவில் ரம்பம் வாங்கப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். ரம்பம் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் அறுப்பு தொடங்கி இரண்டு வருஷம் பூர்த்தியாகிவிட்டது.

மேற்கு மாம்பலத்தில் அவரைப் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பரிசீலனையார் என்றால் பால்காரப் பையன்கூட வீட்டைக் காட்டுவான். அரசாங்கத்தில் கொள்முதல் பிரிவில் 31 வருஷம் உத்தியோகம் பார்த்தவர். குண்டூசியிலிருந்து சாலை உருளை வரையில் சர்க்காருக்கு வேண்டிய சகல வஸ்துக்களுக்கும் வந்த விலைப்புள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அட்டவணை போட்டு, சிவப்பு மையால் கோடிழுத்து, "மேலிடத்தின் பரிசீலனைக்கு" என்று எழுதி அனுப்பியவரே தவிர, அவ்வளவு வருஷத்தில் தாமாக ஒரு பொருளை வாங்கியவர் அல்லர். ஓய்வு பெற்ற மறுநாள், மேலிடம் என்பது வீட்டில் அம்மாளின் உருவத்திலேயே இருப்பதை உணர்ந்து, முதலில் கத்தரிக்காயைப் பரிசீலித்தார். பத்து நாள் கழித்து அம்மாள் காய்கறிப் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டாள்.

அந்த இக்கட்டான சமயத்தில்தான் கரையான் உதவிக்கு வந்தது. பூஜை அறையில் இருந்த சீனிவாசப் பெருமாள் படம், அம்மாளின் தகப்பனார் கல்யாணத்திற்குக் கொடுத்தது, சட்டத்தின் கீழ்க்கட்டை அரிக்கப்பட்டு ஒரு நாள் கையோடு வந்துவிட்டது. தெருமுனைப் படக்கடையில் கொடுத்தால் சாயந்திரத்திற்குள் புதுச் சட்டம் போட்டிருப்பான். "இதற்குப் போய்க் கடைக்காரனா? ஒரு ரம்பம் வாங்கினால் நாமே செய்துகொள்ளலாமே!" என்று பரிசீலனையார் திருவாய் மலர்ந்தருளினார். பெருமாள் அன்று அரிசி டிரம்மின் மேல் சாய்ந்தவர்தாம். புஷ்பம் மட்டும் தினந்தோறும் தவறாமல் கிடைத்து வந்தது.

ரம்பம் என்றால் ஆசாரிகள் தோளில் சாத்திக்கொண்டு போகும் கைரம்பம் அல்ல. வட்டப் பிளேடு பொருத்திய தலையை இரண்டு குழாய்த் தண்டுகளின்மேல் முன்னும் பின்னும் நகர்த்தி, வேண்டிய பாகைக்குத் திருப்பியும் சாய்த்தும் மரத்தைக் குறுக்கே வெட்டும் "ஸ்லைடிங் மைட்டர் சா" என்னும் மின்சார யந்திரம். இதன் பூர்வ விருத்தாந்தத்தைக் கேட்டுவிட்டால் தப்ப முடியாது. 1922-இல் அமெரிக்காவில் ரேமண்ட் டிவால்ட் என்பவர், மேலே நீட்டிய ஒரு கையில் ரம்பத்தைத் தொங்கவிட்டு இழுத்து வெட்டும் யந்திரத்தை அமைத்ததிலிருந்து தொடங்குவார். அதில் ரம்பத்தைத் தம்மை நோக்கி இழுக்க வேண்டும்; இதிலோ முதலில் தலையை முன்னால் இழுத்து, கீழே இறக்கி, பிறகுதான் அப்பால் தள்ளிக்கொண்டே வெட்ட வேண்டும்; மாற்றிச் செய்தால் பற்கள் மரத்தின்மேல் ஏறி, தலை நம்மை நோக்கிப் பாயும் என்று எச்சரிப்பார். இந்த இழுத்தல், இறக்கல், தள்ளல் மூன்றையும் மடக்கிய குடையைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் அபிநயம் பிடித்துக் காட்டியபோது, எதிரே வந்த ஆட்டோக்காரர் சவாரி கூப்பிடுகிறார் என்று எண்ணி வண்டியை நிறுத்திவிட்டார்.

அவர் சொல்லுவது எதுவும் பொய்யாக இருப்பதில்லை என்பதுதான் அவரிடத்தில் உள்ள பெரிய கஷ்டம். பொய் சொல்லுகிற மனிதரைத் தட்டிக் கேட்டு விலகிவிடலாம். நிஜத்தை மாத்திரமே சொல்லி ஒருவர் அறுக்கும்போது என்ன செய்வது? "சட்டத்துக்கு மூலை நாலு, மூலைக்கு வெட்டு இரண்டு, ஆக எட்டு வெட்டு. வெட்டுக்கு அரைப் பாகை பிசகினால், மூன்று மூலையைச் சேர்த்து நாலாவதற்கு வரும்போது நாலு பாகை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பெருமாளுக்கு அப்படி ஒரு சட்டமா, சார்?" என்பார். கணக்கு சரிதான். நான் வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

"சட்டக்கட்டை இரண்டு அங்குலந்தானே? அதற்கு நகரும் தலை எதற்கு?" என்று ஒரு நாள் அசட்டுத் துணிச்சலோடு கேட்டுவிட்டேன். நகராத பத்தங்குல யந்திரம் ஐந்தரை அங்குலம் வரை வெட்டும். நகருவது ஏறக்குறைய ஓரடி வெட்டும்.

"நாளைக்கே ஓரடி அகலத்தில் ஒரு பலகை வந்து நின்றால்?"

"எங்கிருந்து வரும்?"

"வராது என்பதற்கு உத்தரவாதம் உண்டா, சார்?"

உத்தரவாதம் கொடுக்கும் அந்தஸ்து எனக்கு இல்லாதபடியால் வாயை மூடிக்கொண்டேன்.

திட்டத் தொகை 20,000 ரூபாய் என்று அவர் முதலிலேயே நிர்ணயித்து, நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் இட்டிருந்தார். ஆனால் இருபதாயிரத்தில் கிடைப்பதைவிட இன்னும் மூவாயிரம் போட்டால் மோட்டார் ஒரே உலுக்கில் கிளம்பாமல் பதமாகக் கிளம்பும். இன்னும் ஐயாயிரம் போட்டால் பிளேடின் நிழலே வெட்டுவாயைக் காட்டும் விளக்கு இருக்கும். அதற்கும் மேலே போனால் பாஷ், மகிட்டா. இப்படிப் படிப்படியாக ஏறி, ஜெர்மனியின் பெஸ்டூல் வரை போய்த் தரிசித்துவிட்டு, அம்மாள் காப்பி கொண்டுவரும் ஓசை கேட்டதும் மளமளவென்று இறங்கி, பழையபடி இருபதாயிரத்தில் வந்து உட்காருவார். வாரத்துக்கு ஒரு தரமாவது இந்த யாத்திரை நடக்கும்.

பாரிமுனைப் பக்கத்து யந்திரக் கடைகளில் அவர் நடத்தும் பரீட்சையை நான் நேரில் கண்டிருக்கிறேன். மலிவான யந்திரத்தின் குற்றம் மோட்டாரில் இல்லை, தண்டில்தான் இருக்கும் என்பது அவருடைய சித்தாந்தம். ஆகையால் தலையை முழுவதும் முன்னே இழுத்துவைத்து, கைப்பிடியை இரண்டு விரலால் பற்றி, கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டில் மெல்ல அசைப்பார். வைத்தியர் நாடி பார்க்கும் தோரணை. அசைவு தட்டினால் கண்ணைத் திறந்து, பரிதாபத்தோடு கடைக்காரரைப் பார்ப்பார். தட்டாவிட்டால் இன்னும் ஆபத்து: தோள்பையிலிருந்து துண்டில் சுற்றிய பலகை ஒன்று வெளிவரும். அதைக் குறுக்கே வெட்டச் சொல்லி, வெட்டிய துண்டுகளில் ஒன்றைக் குப்புறத் திருப்பி, இரண்டையும் சமதளத்தில் ஒட்டவைத்து, வெளிச்சத்தை நோக்கிக் குனிவார். அப்படித் திருப்பி வைத்தால் பிசகு இரட்டித்துத் தெரியும். தலைமயிர் அளவு இடைவெளி தெரிந்தாலும் போதும். நோட்டுப் புத்தகம் திறக்கும். முதல் தடவை காப்பி வரவழைத்த முதலாளி, மூன்றாம் தடவை இவர் தலை தெரிந்ததுமே கிடங்குக்குள் சரக்கு எண்ணப் போய்விட்டார்.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பால்கனி விஷயம் வேறு. நகரும் தலைக்குத் தண்டுகள் உண்டு; பல யந்திரங்களில் அந்தத் தண்டுகள் பின்புறமாக நீளும்; ஆகவே சுவரை ஒட்டி வைக்க முடியாது, கிட்டத்தட்ட ஓரடி இடம் விடவேண்டும். தண்டுக்குப் பதிலாக மடங்கும் கை வைத்துச் சுவரோடு ஒட்டி நிற்கும் யந்திரமும் உண்டுதான், ஆனால் அது இருபதாயிரத்தின் ராஜ்யத்தில் இல்லை. எனவே பரிசீலனையார், யந்திரம் நிற்கவேண்டிய இடத்தையும் தண்டு நீளும் தூரத்தையும் நீண்ட கட்டை இரு பக்கமும் போய்வரும் வழியையும் அளந்து, பால்கனித் தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு, அதற்குள் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாதென்று உத்தரவு பிறப்பித்தார். துணிக்கொடி மாடிக்குப் போயிற்று. துளசித்தொட்டி வாசலுக்கு வந்தது. நாளடைவில் அந்தக் குடும்பமே இல்லாத யந்திரத்தைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டது. ஊரிலிருந்து வந்த பேரக்குழந்தை கட்டத்துக்குள் உட்கார்ந்து விளையாடியபோது, "ஐயோ, பிளேடு!" என்று அம்மாளே பதறிப்போய் அதைத் தூக்கினாளாம். இதைச் சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை.

அம்மாளின் முகத்தைப் பார்த்துத்தான் நான் அந்தக் காரியத்தில் இறங்கினேன். என் வீட்டு நிலைக்கதவைச் செப்பனிட வந்திருந்த ஆசாரியார் ஒருவரைத் தேக்குக் கட்டைகளோடும் அவருடைய மைட்டர் ரம்பத்தோடும் பரிசீலனையார் வீட்டுக்கே அழைத்துப் போனேன். அந்த யந்திரத்தின் லட்சணத்தை வர்ணிக்கத் தரமன்று. கம்பெனிப் பெயர் என்றோ தேய்ந்துபோயிருந்தது. தலையை அசைத்தால் கோவில் மணிபோல் ஆடியது. தூள் பிடிக்கும் பை இருந்த இடத்தில் ஒரு பழைய காலுறை கட்டியிருந்தது. பரிசீலனையார் இரண்டு விரலால் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், "இதை எப்படி ஐயா வைத்துக்கொண்டு காலந்தள்ளுகிறீர்?" என்றார்.

"பழகின மாடு சார், எந்தப் பக்கம் இழுக்கும்னு தெரியும்" என்று சொல்லிக்கொண்டே ஆசாரியார் சுண்ணக்கட்டத்தின் நடுவில் யந்திரத்தை வைத்து, இரண்டு துண்டை வெட்டி மூலை சேர்த்துப் பார்த்தார். உட்புறம் கொஞ்சம் வாய் திறந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டை எடுத்து, கட்டைக்கும் பின்தாங்கிக்கும் நடுவே ஒரு முனையில் செருகி, மறுபடி வெட்டினார். வாய் மூடிக்கொண்டது. பிறகு எட்டு வெட்டும், பசையும், ஆணியுமாக, அம்மாள் இரண்டாம் காப்பி போடுவதற்குள் சட்டம் தயாராயிற்று. இரண்டு வருஷத்துக்குப் பிறகு பெருமாள் அரிசி டிரம்மைவிட்டுச் சுவரேறினார். அம்மாள் கற்பூரம் ஏற்றினாள். நானும், ஒரு சகாப்தம் முடிந்தது என்ற திருப்தியோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் விடியற்காலம் ஐந்தரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் பரிசீலனையார், கையில் நோட்டுப் புத்தகம், காதில் பென்சில், கண்களில் நான் இதுவரை கண்டிராத பிரகாசம்.

"படம் மாட்டியாகிவிட்டது, சார், இனிமேல் அவசரம் ஒன்றும் இல்லை, ரம்பத்தை நிதானமாகப் பார்க்கலாம்" என்று சொல்லி, புதிதாகக் கோடு போட்டிருந்த ஒரு பத்தியைக் காட்டினார். "ராத்திரி எங்கள் வீட்டுச் சீட்டை அளந்தேன், 0.3 மில்லிமீட்டர் வருகிறது. ஆனால் ஆசாரி செருகினாரே, அது புதுச் சீட்டா, ஆடித் தேய்ந்த சீட்டா? நீங்கள் பக்கத்தில்தானே நின்றீர்கள்?"