லேக் மார்க்கெட் சூட்டு வைத்தியம்

2024 ஏப்ரலில் மேற்கு வங்க அரசு கோடை விடுமுறையை முன்னுக்கு இழுத்தது. மே 6-இல் தொடங்க வேண்டிய லீவு ஏப்ரல் 22-க்கே வந்து நின்றது. பிள்ளைகள் வெயிலில் வாடக் கூடாது என்பது அரசின் கவலை. வீட்டுக்கு வந்த பிள்ளைகளோ வாடும் பொறுப்பை லேப்டாப்பிடம் ஒப்படைத்துவிட்டுக் கட்டிலில் கவிழ்ந்து படுத்தார்கள். ஏப்ரல் 30 அன்று அலிப்பூர் வானிலை நிலையத்தில் 43 டிகிரி செல்சியஸ். ஏப்ரல் மாதத்தில் அப்படி ஒரு வெயிலைக் கொல்கத்தா பார்த்து எழுபது வருஷம் ஆகியிருந்தது.

அதே கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டுப் பாட்டி கட்டுரையாளருக்கு அத்தை முறை. ராஷ்பிஹாரி அவென்யூ பக்கம் தமிழர்கள் வந்து குடியேறிய காலத்திலேயே வந்து சேர்ந்துவிட்டவர்கள். பாட்டி, வங்கியில் வேலை பார்க்கும் அவர் மகன், பதினொன்றாம் வகுப்புப் பேரன். பேரனிடம் கேமிங் லேப்டாப் ஒன்று உண்டு. படிப்புக்கென்று வாங்கியது.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், பேரன் மெத்தைமேல் போர்வை, போர்வைமேல் லேப்டாப் என்று அடுக்கி வைத்துக்கொண்டு கார் திருடும் ஆட்டம் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான். போலீஸ் துரத்தல் உச்சத்தில் இருந்தபோது திரை கப்பென்று இருண்டது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. சைரன் ஊளையிட்டது, டயர் கிறீச்சிட்டது, யாரோ இங்கிலீஷில் திட்டினார்கள்.

“பிடிச்சுட்டாண்டா உன்னை” என்றார் பாட்டி, பக்கத்து அறையிலிருந்து.

ஒரு கறுத்த திரைக்கு அந்த வீட்டில் ஆளுக்கொரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அப்பாவின் கட்சி வைரஸ். அவருக்கு எல்லாமே வைரஸ்தான். அலுவலகப் பிரின்டரில் பேப்பர் சிக்கினால்கூட. எதிர் வீட்டு வங்காளிச் சித்தப்பா, அதாவது காகு, லுங்கியோடு வந்து எட்டிப் பார்த்து, “கீ ஹோலோ?” என்று விசாரித்தார். லேப்டாப்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டு, இது வயிற்றுச் சூடு, மாசிமா, என்று பாட்டியிடம் அறிவித்தார். வங்காளிகளுக்குத் தலைவலியில் தொடங்கி கால்பந்தில் மோகன் பகான் தோல்வி வரை எல்லாவற்றுக்கும் மூலம் வயிறு. பாட்டிக்கு அதில் முழுச் சம்மதம். “அதத்தான் நானும் சொல்றேன். உடம்புச் சூடு. வாரம் ஒரு தரம் எண்ணெய் தேச்சுக் குளிடான்னா கேக்கறானா?” அவர் சொன்னது பேரனையா, லேப்டாப்பையா என்று தெளிவாகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த அறையில் உண்மைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அந்த இரண்டு பேர்தான்.

கேமிங் லேப்டாப் என்பது அடக்கமான தோற்றத்தில் இருக்கும் ஓர் அடுப்பு. சீலிங் ஃபேன் ஒன்று ஏறக்குறைய 75 வாட் எடுக்கும். இந்த வகை லேப்டாப்பின் சார்ஜரிலேயே 180 வாட், 230 வாட் என்று எழுதியிருக்கும். ஆட்டம் சூடு பிடிக்கும்போது எடுக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளியே வந்தாக வேண்டும். அதாவது ஏப்ரல் மத்தியானத்தில், ஜன்னலைச் சாத்திய கொல்கத்தா அறைக்குள், கூடுதலாக ஒரு ஹீட்டர். மேலே சுற்றும் ஃபேன் தோற்றுப்போவதில் ஆச்சரியமில்லை.

இந்த வெப்பத்தை சிப்பிலிருந்து வெளியே சுமந்து வர உள்ளே தட்டையான செம்புக் குழாய்கள் இருக்கின்றன. காற்றை உறிஞ்சிவிட்டு, துளி அளவு திரவம் வைத்து மூடிய குழாய். சிப் பக்கம் திரவம் ஆவியாகும். மறுமுனையில் குளிர்ந்து மறுபடி திரவமாகி, உட்சுவரில் உள்ள திரி போன்ற படலம் வழியாகத் திரும்பி ஓடும். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இப்படிப்பட்ட குழாயைச் செய்துகாட்டியபோது விண்வெளிப் பயன்பாடுதான் பெரிய நோக்கமாக இருந்தது. அது சுற்றிச் சுற்றி லேக் மார்க்கெட்டில் ஒரு போர்வைக்கு அடியில் வந்து மூச்சு முட்டும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

ஏனென்றால் குழாயின் வேலை வெப்பத்தை மெல்லிய உலோகத் தகடுகள் வரை கொண்டுவந்து சேர்ப்பதோடு முடிந்தது. அங்கிருந்து அதை விரட்ட வேண்டியது ஃபேனும் காற்றும். காற்று உள்ளே நுழையும் வழி பெரும்பாலும் லேப்டாப்பின் அடிவயிற்றில் இருக்கிறது. போர்வை அந்த வழியைக் கச்சிதமாக அடைத்துவிடும். அடைக்காவிட்டாலும், வருகிற காற்றே 40 டிகிரி என்றால் ஃபேன் பாவம் என்ன செய்யும்? அறையில் உள்ள காற்றைவிடக் குளிராக எதையும் ஆக்க ஃபேனால் முடியாது. மனிதனுக்காவது வியர்க்கும், கொல்கத்தா ஈரப்பதத்தில் அந்த வியர்வை காயாது என்பது வேறு விஷயம். பெரும்பாலான லேப்டாப்களின் கையேட்டில், சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு. பேரன் அந்த வரியை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தான். பள்ளிப் பாடத்தில் எந்த வரியையும் அவன் அவ்வளவு அக்கறையாக மனப்பாடம் செய்ததில்லை.

சூடு ஏறினால் சிப் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல இன்டெல் சிப்களுக்கு எல்லை 100 டிகிரி. ஆட்டம் திடீரென்று திக்கித் திணறினால் அதுதான் காரணம். அதற்கும் அடங்காவிட்டால் மொத்தமாக அணைந்துவிடும். தற்காப்பு. ஆனால் அப்படி அணைந்திருந்தால் சைரனும் சேர்ந்து செத்திருக்க வேண்டும். இங்கே திரை போயும் போலீஸ் துரத்திக்கொண்டே இருந்தது. மூளை வேலை செய்கிறது, முகம் மட்டும் தெரியவில்லை. வீட்டில் இருந்த அத்தனை வைத்தியர்களும் கோட்டைவிட்ட அறிகுறி இதுதான்.

பேரன் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்தினான். கிராஃபிக்ஸ் டிரைவரை உதறி எழுப்பும் வழி அது. கிராஃபிக்ஸ் சிப் இரண்டு விநாடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் தானாகவே அதைச் செய்யும். சில சமயம் விண்டோஸுக்கும் ஒரு தட்டு தேவைப்படும். ‘பீப்’ என்று சத்தம் வந்தது. திரை வரவில்லை. அடுத்து எச்டிஎம்ஐ கேபிளைக் கூடத்து டிவியில் சொருகினான். சீரியலில் மாமியார் வாய் திறக்கப் போன நேரத்தில் டிவி முழுக்கப் போலீஸ் ஜீப்புகள் பாய்ந்தன. பாட்டி ஆட்சேபிக்கவில்லை. “இதுவே தேவலை. கதை நகர்றது.”

டிவியில் படம் வந்ததே பாதித் தீர்ப்பு. மதர்போர்டும் கிராஃபிக்ஸ் சிப்பும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். மீதி, லேப்டாப்பின் மூடிக்குள் இருக்கிறது. அணைந்த திரைமேல் சாய்வாக டார்ச் அடித்துப் பார்ப்பது அடுத்த சோதனை: உள்ளே மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கு போயிருக்கிறது. ஒன்றும் தெரியவில்லை. மூடியை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தபோது ஒரு கோணத்தில் திரை மின்னி மறைந்தது. கழுத்தில் பிடிப்பு!

ஆனால் பதினாறு வயதுப் பையனின் நோயறிதலை எந்த அப்பா ஏற்றுக்கொண்டிருக்கிறார்? லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு இருவரும் மெட்ரோ ஏறிச் சாந்தினி சௌக்கில் இறங்கினார்கள். கொல்கத்தாவில் எலெக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் எல்லாரும் போகிற இடம் அது. நடைபாதையிலேயே ரிமோட் விற்கும், சார்ஜர் விற்கும். எந்தச் சாதனத்திலிருந்து கழற்றியது என்று விற்பவருக்கே தெரியாத பாகங்களும் விற்கும்.

முதல் கடைக்காரர் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. எடையைக் கையில் பார்த்தார். “மதர்போர்டு போச்சு, தாதா” என்றார். அவர் சொன்ன விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கலாம். அதையும் அவரே விற்கிறார். அடுத்த கடையில் ரீபாலிங் என்றார்கள்: கிராஃபிக்ஸ் சிப்பைப் பெயர்த்தெடுத்து, அடியில் உள்ள பற்றாசுக் குண்டுமணிகளை மாற்றி, மறுபடி ஒட்டுவது.

ரீபாலிங் பித்தலாட்டம் அல்ல; அதற்குப் பின்னால் ஒரு சோக வரலாறு இருக்கிறது. 2006 ஜூலையில் ஐரோப்பா மின்னணுச் சாதனங்களில் ஈயத்தைத் தடை செய்ய, தொழிற்சாலைகள் ஈயமில்லாத பற்றாசுக்கு மாறின. அது கடினம், சூடேறி ஆறி, சூடேறி ஆறி விரிசல் விடும் ஆபத்து உண்டு. 2007-இல் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகள் சிவப்பு வளையம் காட்டிக் கூட்டங்கூட்டமாக மடிந்தன. வாரன்டியை மூன்று வருஷமாக நீட்டி, அந்தச் செலவுக்கு 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது கம்பெனி. அமெரிக்கப் பிள்ளைகள் கண்ட வைத்தியம் அதைவிட விசித்திரம்: பெட்டியைத் துண்டால் சுற்றி இன்னும் சூடாக்குவது! சில பெட்டிகள் எழுந்து உட்காரவும் செய்தன. கொஞ்ச நாளைக்கு.

மறு வருஷம் என்விடியாவின் முறை. லேப்டாப்களுக்குப் போன சில கிராஃபிக்ஸ் சிப்களின் கட்டுமானப் பொருள் பலவீனம் என்று 2008 ஜூலையில் ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை எடுத்து வைத்தது. சிப் செத்தவர்கள் போர்டைக் கழற்றி, கேக் சுடும் ஓவனில் 200 டிகிரியில் பத்து நிமிஷம் வைத்தார்கள். ஈயமில்லாத பற்றாசு உருகுவது ஏறக்குறைய 217 டிகிரியில். ஆகவே பற்றாசு உருகி ஒட்டியிருக்க வழியில்லை. சிப்புக்குள் விட்டுப்போன இணைப்பு சூட்டில் விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சூட்டால் வந்த நோய்க்குச் சூடு போடுவது நம் ஊர் மாட்டு வைத்தியத்துக்குப் புதிதல்ல, கலிஃபோர்னியாவுக்குப் புதிது.

டிவியில் படம் வருகிற லேப்டாப்புக்கு இது எதுவும் தேவையில்லை என்று பேரன் மன்றாடினான். அப்பா அரைமனதாக அடுத்த கடைக்கு நடந்தார். அங்கே ஒரு பெரியவர், மண் கோப்பைத் தேநீரை ஒரு கையில் வைத்துக்கொண்டே, மறு கையால் அடிமூடியின் திருகுகளைக் கழற்றினார். உள்ளே ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி நெய்யப்பட்டிருந்தது. தூசி, தலைமுடி, போர்வைப் பஞ்சு. அதை இடுக்கியால் முழுசாக உரித்து மேஜைமேல் வைத்தார். அப்பா அதைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். மகன் கூரையைப் பார்த்தான்.

பெரியவர் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடித்தார். பிடிக்காமல் அடித்தால் ஃபேன் தறிகெட்டுச் சுற்றி பேரிங் கெடும். சிப்பின்மேல் காய்ந்து மாவாகிப்போன, வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிது தடவினார். அடுத்தபடி கீலைத் திறந்தார். திரைக்குப் போகும் கேபிள் தலைமுடி கனத்துக் கம்பிகளாகக் கீலுக்குள் வளைந்து போகிறது. மூடியை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது மடங்குகிறது. ஒரு மூலையை மட்டும் பிடித்து இழுத்துத் திறக்கிறவர்களிடம் சீக்கிரமே மனம் விட்டுப்போகிறது. போதாக்குறைக்கு, இந்த மாடலில் வெந்த காற்று வெளியேறும் வாசல் கீலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கேபிளின் உறை ஒரு இடத்தில் கறுத்துக் கிழிந்திருந்தது. ஆக, சூடும் இருட்டும் தனித்தனி நோய்கள். சந்தித்த இடம் கீல். பெரியவர் கேபிளை மாற்றினார். மதர்போர்டு விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அப்பா தம் வழக்கப்படி, “வைரஸ் ஏதாவது…?” என்று இழுத்தார். பெரியவர் தேநீரைக் குடித்து முடித்தார்.

இத்தனைக்கும் கணினிச் சூட்டுக்கு இந்த ஊர் புதிதல்ல. பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகம் 1955-இல் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த எச்இசி-2எம் தான் இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கணினி. பத்தடி நீளம், ஏழடி அகலம், ஆறடி உயரம். உள்ளே முழுக்க வால்வுகள். வால்வு என்றாலே சூடு. நல்லவேளை, அதை யாரும் மெத்தையில் வைக்க முடியாது.

ரிப்பேருக்குப் பிறகு லேப்டாப் மேஜைக்கு மாறியது. ஆட்டத்தின் வேகம் விநாடிக்கு 60 சட்டகம் என்று கட்டுப்படுத்தப்பட்டது. இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஆடாதபோதுகூட ஆபத்து: 2010-இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வெளிவந்தபோது, ஒன்றுமே நடக்காத மெனு திரைகளைக் கிராஃபிக்ஸ் கார்டுகள் மூச்சு விடாமல் வரைந்து தள்ளிச் சூடேறின, சட்டகத்துக்கு உச்சவரம்பு போடும் வழியை பிளிஸார்டு கம்பெனியே சொல்லிக்கொடுக்க நேர்ந்தது. பேரனும் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிற ரகம்தான். விண்டோஸில் பிராசஸரின் உச்ச வேகத்தை 100-இலிருந்து 99 சதவீதமாகக் குறைத்ததும் பலன் தந்தது. பல இன்டெல் லேப்டாப்களில் அந்த ஒரு சதவீதம் டர்போ என்னும் கூடுதல் வேகத்தையே அணைத்துவிடுகிறது. ஆட்டத்தில் வித்தியாசம் அதிகம் தெரியாது, சூட்டில் தெரியும்.

ஆனாலும் பேரன் 35 டிகிரி வரியை விடவில்லை. கையேட்டை விரித்து, மஞ்சள் மையால் கோடு போட்டு, அப்பாவின் காபி டம்ளருக்கு அடியில் தினமும் வைத்தான். இயந்திரம் கெட்டுப்போனால் அது வாடிக்கையாளர் தவறு என்று கம்பெனி கைவிரித்துவிடும் என்று வாதாடினான். வங்கிக்காரர், பொடி எழுத்துக்குப் பயந்தவர். மே மாதத்தில் ஏசி வந்தது. அந்த வீட்டில் அத்தனை கோடையையும் விசிறியால் தாண்டிய பாட்டி எதுவும் சொல்லவில்லை. முதல் நாளே ரிமோட்டோடு அந்த அறைக்குக் குடிபெயர்ந்தார்.

பாட்டிக்கு ஏசிக் குளிர் ஆகாது. கொல்கத்தாக்காரர்கள் டிசம்பரில் மாட்டும் குரங்குக் குல்லாவை மே மாதமே எடுத்து மாட்டிக்கொண்டு, ஏசியை 28-இல் நிறுத்திவிட்டார். அதற்குக் கீழே இறக்க யாருக்கும் அனுமதி இல்லை. பேரன் மேஜையில் வியர்க்க வியர்க்க ஆடுகிறான். கையேட்டின்படி லேப்டாப்புக்கு எந்தக் குறையும் இல்லை.