மீசை வைத்த ஆயா

கே: குழந்தைகள் காப்பகத்தில் வேலை கேட்டேன். ‘லேடீஸ் மட்டும்தான் சார்’ என்று போனை வைத்துவிட்டார்கள். ஆண் என்ன பாவம் செய்தான்?
- ஒரு வாசகர், திருச்சி

ப: 1996-ல் வந்த ‘அவ்வை சண்முகி’ படத்தில், பெற்ற மகளைப் பார்த்துக்கொள்ளவே அப்பன் மடிசார் கட்ட வேண்டியிருந்தது. விழுந்து விழுந்து சிரித்தோம், விதியை மாற்றவில்லை. 1975-ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் இன்றும் பணியாளர், உதவியாளர் இரண்டு பேரும் பெண்கள்தான். காதுகுத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்கிறோம். காப்பகத்தில் மட்டும் மாமனைக் கண்டால் பயம்!

பெற்றோரின் பயம் நியாயமானதே. அதற்கு மருந்து போலீஸ் சரிபார்ப்பும் கேமராவும்தான். மீசையைப் பார்த்துக் கதவைச் சாத்துவதல்ல. இதில் பெண்ணுக்கும் லாபமில்லை. ‘பிள்ளை பார்ப்பது பொம்பளை வேலை’ என்ற நினைப்பில்தான் மத்திய அரசு அங்கன்வாடிப் பணியாளருக்குத் தருவதைச் சம்பளம் என்று சொல்லாமல் ‘மதிப்பூதியம்’ என்கிறது. நார்வேயோ மழலையர் பள்ளி ஊழியரில் ஐந்தில் ஒருவர் ஆணாக இருக்க வேண்டும் என்று 1990-களிலேயே இலக்கு வைத்தது, இன்னும் எட்டவில்லை. அங்கேயே அப்படி!

நீங்கள் போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழோடு நேரில் போய்க் கேளுங்கள். மடிசார் வேண்டாம்.