கால்ஷீட் கிடைக்காத வீரன்

வாரும் மாப்ளே, உக்காரும். மொகம் ஏன் வாடிக் கெடக்கு? ஸ்டார் வார்ஸ் புஸ்தகம் ஒண்ணு உம்மை ஏமாத்திப்போட்டுதுன்னு உம்ம அக்கா சொன்னா. 1978-ல வந்த ‘ஸ்பிளின்டர் ஆஃப் த மைண்ட்ஸ் ஐ’யாமே. ஹான் சோலோ தலையே காட்டலையாம், சூபாக்காவையும் காணுமாம், வானத்துல உருப்படியா ஒரு சண்டை கெடையாதாம், பக்கத்துக்குப் பக்கம் சேறும் மூடுபனியுமாம். ராத்திரி உமக்குச் சோறு எறங்கலையாமே? அத்தை வச்ச மீன்குழம்பையே தோக்கடிச்சிருக்குன்னா பலமான புஸ்தகம்தான் வே.

நீரு அதைக் கதைன்னு நெனச்சுப் படிச்சீரு. கணக்கு நோட்டுன்னு நெனச்சுப் படிச்சிருந்தா வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பீரு.

ஆலன் டீன் ஃபாஸ்டர்னு ஒரு எழுத்தாளர். முதல் படம் 1977 மே மாசம் கொட்டகைக்கு வந்துது. அதுக்கு முந்தியே, 1976 கடைசியில, அந்தக் கதையை நாவலா எழுதிக் குடுத்தவரு இவருதான். அட்டையில யாரு பேரு? படத்தை எடுத்த ஜார்ஜ் லூகாஸ் பேரு. அதே கையோட ரெண்டாவது கதைக்கும் ஒப்பந்தம் போட்டாச்சு. படம் ஓடுமா, பொட்டிக்குள்ள சுருண்டுக்கிடுமான்னு அப்போ லூகாஸுக்கே தெரியாது. சுமாராப் போச்சுன்னா கொஞ்சத் துட்டுல அடுத்த படத்தை எடுத்துப்போடலாம், அதுக்கு ஒரு கதை கையில இருக்கட்டும்னு எழுதச் சொன்னதுதான் இது.

இப்போ திரும்பப் படியும். கதை நடக்குத மிம்பன் கிரகத்துல ஏன் எந்நேரமும் மூடுபனி? பனி போட்டா பின்னாடி செட்டு போட வேண்டாம். பாதாளத்துக்குள்ள ஏன் அம்புட்டுப் பக்கம் அலையுதாக? குகைன்னா சல்லிசா முடிஞ்சிரும். ஹான் சோலோ ஏன் வரலை? அந்த வேசம் கட்டின ஹாரிசன் ஃபோர்டு அடுத்த படத்துக்குக் கையெழுத்துப் போடலை மாப்ளே. நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பறக்குத வீரனா இருந்தாலும் கால்ஷீட் வேணும்லா! ஃபாஸ்டர் பாவம், ஆரம்பத்துல வானச் சண்டை ஒண்ணு எழுதித்தான் வச்சிருந்தாரு. படமா எடுத்தா செலவு எகிறிரும்னு லூகாஸ் வெட்டச் சொல்லிட்டாரு. காயிதத்துல கப்பலைக் கொளுத்த மைதானே வே செலவு? அதுலயும் சிக்கனம். நம்ம சாதிசனத்துக் கல்யாணப் பந்தியில, அப்பளத்தை எண்ணி வைக்குத பெரியப்பன் கூட இம்புட்டுக் கருமி கெடையாது.

கதாநாயகன் லூக்கும் இளவரசி லேயாவும் வாற எடத்துல நீரு நெளிஞ்சிருப்பீரே! சேத்துல ரெண்டு பேரும் கட்டிப் பொரண்டு சண்டை போடுதாக, பய அவளைப் பாத்து உருகுதான். 1983-ல மூணாவது படம் வந்து, ரெண்டு பேரும் கூடப்பொறந்தவுகன்னு போட்டு ஒடச்சுது. அஞ்சு வருஷம் முந்தி எழுதினவருக்கு அது எப்படி வே தெரியும்? அந்தக் கூச்சத்தையும் ஃபாஸ்டர் தலையில கட்டாதேயும்.

குத்தம் கண்டுபிடிக்குத அவசரத்துல நல்லதையும் தாண்டிப் போயிருக்கீரு. கடைசியில லூக் பாறைக்கு அடியில மாட்டிக் கெடக்கான். அவன் ஒளிவாளை எடுத்துக்கிட்டு, வில்லன் டார்த் வேடர் முன்னாடி போயி நிக்கா லேயா. அந்த மூணு படத்துலயும் அம்மணி கையில ஒருதடவை கூட அந்த வாளைக் குடுக்கலை. சல்லிசாச் செய்யச் சொன்ன புஸ்தகத்துல அந்த ஒரு சண்டையை மட்டும் மனுசன் தாராளமா எழுதியிருக்காரு.

அப்புறம் என்ன? முதல் படம் பேய் ஓட்டம் ஓடிச்சு. சிக்கனப் படம் யாருக்கு வேணும்? 1980-ல பெரிய செலவுல வேற கதையை எடுத்தாக. 2014-ல, இதையும் இது மாதிரி வந்த அம்புட்டுப் புஸ்தகத்தையும் ‘லெஜண்ட்ஸ்’னு, அதாவது செவிவழிக் கதைன்னு, ஒதுக்கி வச்சாச்சு. ஒதுக்கினவுக கை சும்மா இருந்துதா? இதுல வாற கைபர் கல்லு பின்னால வந்த படங்கள்ல வேற எழுத்துக்கூட்டலோட வந்துது. மிம்பன் சேறு 2018-ல ‘சோலோ’ படத்துல வந்துது. ஆமா வே, ஹான் சோலோவோட சொந்தப் படம்! நாப்பது வருஷம் கழிச்சு ஆளு அந்தச் சேத்துக்கு வந்து சேந்துட்டான். அதுவும் ஹாரிசன் ஃபோர்டு இல்லை, வேற ஒரு பையன்.

ஏமாந்தேன், ஏமாந்தேன்னு பொலம்புதீரே, ஒரு சங்கதி கேளும். 2012-ல டிஸ்னி லூகாஸ் கம்பெனியை வாங்கிச்சு. பொறவு தன் புஸ்தகங்களுக்கு ராயல்டி வரலைன்னு 2020-ல ஃபாஸ்டர் ஊரறியக் கேட்டாரு. இந்தப் புஸ்தகமும் அதுல சேத்தி. உரிமையைத்தான் வாங்கினோம், குடுக்கவேண்டிய பாக்கியை வாங்கலைன்னு அவுக வாதம் பண்ணினதா அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் சொல்லிச்சு. நெலத்தை வாங்கினேன், வரப்பை வாங்கலைங்கான்! பொறவு எப்படியோ சமரசம் ஆச்சு.

ஆமா, கேக்க மறந்துட்டேன். இந்தப் புஸ்தகம் உமக்கு எங்க கெடச்சுது? பழைய புஸ்தகக் கடையிலயா? அப்போ அந்த மனுசனுக்கு உம்ம கையாலயும் சல்லி போகலை.