நோய்களுக்கு ஒரு மகஜர்

மாட்சிமை தங்கிய நோய்கள் அனைவருக்கும்,

ஊவா மாகாணம், பதுளை மாவட்டம், பெயரைச் சொன்னால் வேலைக்கு வில்லங்கமாகிவிடும் ஒரு தோட்டம், மேல் டிவிசன், பத்துக் காம்பிரா லயத்தில் குடியிருப்போர் பணிவுடன் எழுதிக்கொள்வது.

மகஜர் எழுதுவது எங்களுக்குப் பழகிய தொழில். தொரைக்கு எழுதினோம்; கம்பனிக்கு எழுதச் சொன்னார். கம்பனிக்கு எழுதினோம், சுகாதாரம் அரசாங்கத்தின் பொறுப்பு என்றார்கள். மாகாணத்துக்கு எழுதினால் மத்தியைக் கேள் என்கிறது. மத்திக்கு எழுதினால் மாகாணத்தைக் கேள் என்கிறது. சங்கத்துக்கும் எழுதினோம். எங்கள் சம்பளத்தில் ஒரு மாதம்கூடத் தவறாமல் சந்தா பிடிக்கிற சங்கம், எங்கள் கடிதத்தையும் பிடித்து வைத்துக்கொண்டது. ஆகவே இம்முறை நேரே உங்களுக்கே எழுதுகிறோம். தேர்தல் இல்லாத வருஷத்திலும் லயத்துப் படி ஏறி வருகிறவர்கள் நீங்கள் மட்டும்தான்.

விஷயம் இதுதான். போன கச்சான் காற்றுக் காலத்தில் உங்களில் ஒருவர் எங்கள் லயத்து அப்பா ஒருவரின் நெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மனுஷன், வயது 58. நீங்கள் வந்ததில் எங்களுக்குக் குறையில்லை. வராமல் இருப்பீர்கள் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. வந்த நேரம், வந்த இடம், வந்த பாஷை, இவற்றில்தான் குறை.

முதலில் நேரம். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்குள் வாருங்கள். அங்கே உங்களுக்குள் சாதி வித்தியாசம் பார்ப்பதில்லை. சளியாக வந்தாலும் மாரடைப்பாக வந்தாலும் ஒரே மரியாதை, பனடோல். இருக்கிற உதவி வைத்தியரைக் குறை சொல்ல மாட்டோம். ஒரு தெதஸ்கோப்பையும் ஒரு மேசையையும் கொடுத்து, அத்தனை டிவிசனையும் அவர் தலையில் கட்டிவிட்டுப் போனவர்கள் யார் என்பதுதான் கேள்வி. கோப்பிக் காலத்திலேயே, 1872-ல், தோட்டக் கூலிகளின் வைத்தியத் தேவைக்கென்று வெள்ளைக்காரன் ஒரு கட்டளைச் சட்டம் போட்டான். 1912-ல் இன்னொன்று போட்டான். கூலி செத்தால் கப்பல் செலவு நட்டம் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவன் அவன். பிறகு சுதந்திரம் வந்தது. வந்த வருஷமே எங்கள் பிரஜாவுரிமை போனது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992-ல் திரும்பவும் கம்பனிகளின் கைக்குப் போயின. அதே தொண்ணூறுகளில், தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கும் என்று முடிவானது. சிலதை எடுத்தார்கள். மிச்சத்தை இன்னும் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் காலத்திலும் எடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

இதில் எங்களுக்குப் பொறாமை ஒன்று உண்டு. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்: தேயிலைச் செடிமேல் பொறாமை. 1946-ல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்தது. செடிக்கு என்ன அதிர்ஷ்டம் பாருங்கள், அதற்கு 21 வருஷம் முன்னாலேயே, 1925-ல், தேயிலைக்கென்று ஒரு ஆராய்ச்சி நிலையம் பிறந்துவிட்டது. தலவாக்கலையில் தலைமையகம், எங்கள் பசறையிலும் ஒரு நிலையம். இலையில் ஒரு புள்ளி விழுந்தால் போதும். படித்தவர்கள் வந்து பார்த்து, என்ன மருந்து, எத்தனை நாளைக்கு ஒரு தடவை, மழையென்றால் எப்படி, வெயிலென்றால் எப்படி என்று எழுதித் தருகிறார்கள். அந்த மருந்தை முதுகில் சுமந்துபோய் அடிக்கிறவனின் நுரையீரலில் புள்ளி விழுந்தால் பார்க்க யாரும் வருவதில்லை. ஆகவே நோய்களே, எங்கள் பணிவான யோசனை: எங்களிடம் வருவதாக இருந்தால் செடி வழியாக வாருங்கள். முதலில் நல்ல கொழுந்து கொடுக்கிற மலையில் இறங்கி, அங்கே ஒரு விஞ்ஞானியின் கண்ணில் பட்டு, அப்புறம் லயத்துக்கு வந்தால் எல்லாருக்கும் வசதி.

அடுத்தது இடம். மேல்மலையில் வராதீர்கள். ரோட்டோரத்தில் வாருங்கள்.

1990 என்று அடித்தால் காசில்லாமல் அம்புலன்ஸ் வருகிறது. நல்ல சேவை, குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2016-ல் இந்திய உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது. எங்களுக்கும் வந்தது, கீழே சந்தி மட்டும். சந்திக்கு மேலே இருப்பதை ரோடு என்று சொல்வது ரோட்டுக்கு அவமானம். 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான், தோட்டத்துக்குள்ளே ஒரு குழியை நிரப்பவும் தங்களுக்கு அதிகாரமில்லை என்று சபைகள் முப்பது வருஷம் சொல்லிவந்தன. அதே சபைக்கு வோட்டுப் போட மட்டும் எங்களுக்கு அதிகாரம் இருந்தது. 2018-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டத்தில் இருந்த குழி மூடிவிட்டது. ரோட்டில் இருக்கிற குழி அப்படியே இருக்கிறது.

அப்பாவைக் கம்பளியில் கிடத்தி நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து இறக்கினார்கள். பாதி வழியில் கொழுந்து லொறி வந்தது. டிரைவர் தம்பி நல்ல பிள்ளை, கேட்காமலே நிறுத்தினான். உள்ளே கொழுந்துச் சாக்குகள். சாக்கை நெருக்கினால் கொழுந்து நசுங்கும், நசுங்கினால் ஸ்டோரில் கேள்வி வரும். அதனால் சாக்குகளை விட்டுவிட்டு அப்பாவைத்தான் நெருக்கினோம். முழங்காலை மடக்கி, தலையை ஒரு சாக்கில் சாய்த்து, மூச்சு இழுக்க இழுக்க ஊவாத் தேயிலையின் உலகப் புகழ் பெற்ற வாசனையோடு பயணம் செய்தார். அந்த வாசனைக்கு ஏலத்தில் என்ன விலை போகிறது என்று அவருக்குத் தெரியாது. தேத்தண்ணி இருதயத்துக்கு நல்லது என்று அதே இலையை அடைக்கிற பெட்டியில் அச்சடிக்கிறார்களாமே, அதுவும் தெரியாது.

இனி பாஷை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள்மேல் கருணை வைத்து, நீங்கள் சிங்களத்தில் வர வேண்டும். எங்கள் அப்பாவுக்கு வந்தது சுத்தத் தமிழில் வந்துவிட்டது. "நெஞ்சுக்குள்ள யாரோ கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு, இடது கை விட்டுப்போகுது" என்று அவர் சொன்னார். ஆஸ்பத்திரியில் கேட்டவருக்கு அது விளங்கவில்லை. 1987-ல் 13-ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சி மொழியாக்கியது. 1999-ல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவித்தார்கள். வர்த்தமானி தமிழிலும் அச்சாகிறது. ஆனால் வாட்டிலே வர்த்தமானி படுத்திருக்கவில்லை, அப்பாதான் படுத்திருந்தார். கடைசியில் அவருடைய சின்ன மகள்தான் மொழிபெயர்ப்பாளர். பதின்மூன்று வயது. சிங்களம் படித்தது டெலிநாடகம் பார்த்து. காதல், துரோகம், சொத்துத் தகராறு எல்லாவற்றுக்கும் அந்தப் பிள்ளையிடம் சொல் இருக்கிறது. இருதய வால்வுக்கு இல்லை. டாக்டர் கேட்கிறார், அப்பாவுக்கு மூத்திரம் ஒழுங்காகப் போகிறதா என்று. பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது. அப்பா சுவரைப் பார்க்கிறார். தகப்பனும் மகளும் ஒருவரிடம் ஒருவர் வாழ்நாளில் பேசக் கூடாத விஷயத்தை, ஆட்சி மொழிக் கொள்கைக்காக இரண்டு பேரும் சபையில் பேசினார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் எந்தக் குளிசை, பின்னால் எந்தக் குளிசை என்பதைப் பிள்ளை தன் கணக்குக் கொப்பியின் பின்பக்கம் எழுதிக்கொண்டது. ஒன்றை மாற்றி எழுதியிருந்தால் அது யார் குற்றம் என்று விசாரணைக் குழு கண்டுபிடித்திருக்கும்: பிள்ளையின் குற்றம்.

அங்கே வேலை செய்த டாக்டரையும் மிஸ்மாரையும் நாங்கள் வாழ்த்துகிறோம். உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள், ஒரு சதம் கேட்கவில்லை. இந்த நாட்டில் வைத்தியம் இலவசம். உள்ளே எல்லாம் இலவசம். உள்ளே போய்ச் சேருவதற்கும், வெளியே எடுக்கச் சொல்லும் ரத்தப் பரிசோதனைக்கும், இல்லாத மருந்துக்கும், எக்கோ எடுக்கக் கொடுத்த திகதி வரும்வரை உயிரோடு இருப்பதற்கும்தான் காசு. கிளினிக் நாளென்றால் விடியப்புறம் நாலு மணிக்கு ரொட்டியைக் கட்டிக்கொண்டு முதல் பஸ். நம்பர் துண்டு எடுத்துவிட்டு வாங்கில் இடம் பிடிக்க ஒருவர், அப்பாவைப் பிடிக்க ஒருவர், பாஷைக்கு ஒருவர். ஒரு நோயாளிக்கு மூன்று பேர். அம்மாவுக்குச் செக்றோலில் அன்றைய பேர் இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை. மகளுக்கு அன்றைய பள்ளிக்கூடம் இல்லை. கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிற மகன் லீவு கேட்டான். தாராளமாக எடுத்துக்கொள், திரும்பி வராதே என்றார் முதலாளி. அம்மாவின் தோடு இப்போது அடகுக் கடையில் ஓய்வெடுக்கிறது. அந்த வீட்டில் டாக்டர் சொன்னபடி ஓய்வெடுக்கக் கிடைத்தது அதற்கு மட்டும்தான்.

பேர் என்றதும் சம்பளம் ஞாபகம் வருகிறது. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் அன்றைய ஜனாதிபதி 1700 ரூபாய் என்று அறிவித்தார். கம்பனிகள் கோர்ட்டுக்குப் போயின. செப்டெம்பரில் அது 1350 ஆகக் கரைந்து வந்தது. பிறகு 2026-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 1550 என்றும், அதற்கு மேல் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு என்றும் வந்தது. வருகைக்குத்தான் கொடுப்பனவு. மலைக்கு வந்தால் 200. ஆஸ்பத்திரிக்கு வந்தால் அந்த 200-ம் இல்லை, 1550-ம் இல்லை. நோய்களே, நீங்கள் மட்டும்தான் எங்களிடம் வருகை தவறாதவர்கள். உங்களுக்குச் சேர வேண்டிய கொடுப்பனவு அது.

காசில்லாதவர்களுக்கு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1978-ல் சட்டம் போட்டு உண்டாக்கிய ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. அதிலிருந்து 2005 முதல் 2024 வரை வைத்தியத்துக்கு உதவி பெற்ற அரசியல்வாதிகளின் பட்டியல் 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. லட்சங்களும் இருந்தன, கோடியும் இருந்தது. எங்கள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாட்டில் இத்தனை ஏழை எம்.பி.மார் இருக்கிறார்கள் என்று அதுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் லயத்தில் ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசி எடுத்திருப்போம். 2025 பெப்ரவரியிலிருந்து விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், கொழும்புக்குப் போக வேண்டாம் என்று மாற்றியிருக்கிறார்கள். நல்லது. கிராம சேவகர் கடிதம், வருமானச் சான்று, டாக்டரின் துண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் பேர் போகும். கடைசித் தாள் கைக்கு வரும்வரை உங்களில் யாரும் அவசரப்படக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறோம்.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். 2022 மார்ச்சில் மருந்தில்லாமல் பேராதனை ஆஸ்பத்திரியில் அவசரமில்லாத ஆபரேஷன்களை நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்தின் கதை வெளியே வந்தது. அந்த விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். குப்பிக்குள் மருந்துதான் இருக்கிறதா என்பதை மட்டும் உள்ளே போகிற நீங்களே பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

இப்போது அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். தேறி வருகிறார். டாக்டர் சொன்னது: படி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, புகை ஆகாது, மீன், பழம், மரக்கறி நிறையச் சாப்பிட வேண்டும், மனதில் கவலை வைக்கக் கூடாது. லயத்துக்கு ஏறுவது படிதான், கக்கூசுக்கு இறங்குவதும் படிதான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் விறகடுப்பு. தோட்டத்து ஆபீசில் லேசான வேலை கேட்டோம். இருக்கிறது என்றார்கள்: கவ்வாத்து வெட்ட வேண்டாம், உரம் சுமக்கலாம். முடியாதென்றால் பேரை வெட்டிவிடலாமாம். பேரை வெட்டினால் காம்பிரா யாருக்கு என்ற கேள்வி வருமாம். அறுபது வயதுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதுவரை அந்த நெஞ்சில் வந்து உட்கார்ந்தவர் தயவுசெய்து எழுந்து நிற்கட்டும். கவலை வைக்காதே என்று டாக்டர் சொன்னதை மகள் மொழிபெயர்த்தபோது அப்பா சிரித்தார். வாட்டில் இருந்த நாளெல்லாம் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பதில் அனுப்புவதானால் தமிழில் அனுப்புங்கள். லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அப்பாவின் எக்கோ திகதியை மாற்றி அனுப்பிய கடிதம் அங்கே மேசையில் கிடந்து, திகதி முடிந்த பிறகுதான் எங்கள் கைக்கு வந்தது. ஆகவே உறையின்மேல் எங்கள் பெயரை எழுத வேண்டாம். தொரையின் பெயரை எழுதுங்கள். அவருக்கு வருகிற கடிதத்தை அன்றைக்கே பிரிப்பார்கள்.

இங்ஙனம்,
செக்றோலில் இன்னும் பெயருள்ளவர்கள்