வட்டத்துக்குள் ஓசூர்

ஓசூர்க்காரர்களே, அண்ணாந்து பார்க்காதீர்கள். உங்கள் தலைக்கு மேலிருக்கும் வானத்தை 2004 ஜூலை 5 அன்றே எழுதிக் கொடுத்தாயிற்று. கொடுத்தது மத்திய அரசு, வாங்கியது பெங்களூரு விமான நிலையக் கம்பெனி. தமிழ்நாட்டின் கையெழுத்தா? அது எதற்கு, போனது வானம்தானே!

விமான நிலையம் திறந்து 25 வருஷம் ஆகும்வரை சுற்றுவட்டாரத்தில் 150 கிலோமீட்டருக்குள் இன்னொன்று வரக்கூடாதாம். பெங்களூரு நிலையம் தேவனஹள்ளியில் திறந்தது 2008 மே மாதம். ஆக 2033 வரை கிருஷ்ணகிரியும் தருமபுரியும் வட்டத்துக்குள். மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. வட்டம் போட்டவர் கைக்குக் கர்நாடகத்தில் மட்டும் அழிரப்பர் கிடைத்திருக்கிறது.

அன்று பணம் போட்டவர்களில் சீமென்ஸும் சூரிச் விமான நிலையமும் உண்டு. இன்று பெரும்பங்கு கனடாவின் ஃபேர்ஃபாக்ஸ் கையில். கடல் தாண்டி வந்த பணம் மிரண்டுவிடக் கூடாதல்லவா? நம்மூர் ரோஜாக்காரர் மிரளலாம், தப்பில்லை. மொட்டுக்கு வலைத்தொப்பி மாட்டி, பறித்துக் குளிர் அறையில் வைத்து, கட்டுக் கட்டி வேனில் ஏற்றி, அத்திப்பள்ளி டோலில் காசு கொடுத்து, பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் நின்று, அந்த மாநகரத்தைத் தெற்குக் கோடியிலிருந்து வடக்குக் கோடிவரை கடந்தால்தான் அவர் பூவுக்கு விமானம்.

இத்தனைக்கும் பேளகொண்டபள்ளியில் தனியார் ஓடுதளம் ஒன்று பல வருஷமாக இருக்கிறது. உடான் திட்டத்தில் ஓசூரைச் சேர்க்கக் கேட்டால், ஒப்பந்தம் இடிக்கிறது என்று நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. ஹவாய் செருப்புப் போட்டவரும் பறக்கலாம் என்று முழங்கிய திட்டம் ஐயா அது! ஓசூர்ச் செருப்பு செல்லாது போலிருக்கிறது.

ஒப்பந்தத்தை மீறினால் வழக்கு வரும் என்கிற பயம் புரிகிறது. ஒரகடம் கார் ஆலைக்கு அரசு தரவேண்டிய சலுகைப் பாக்கி வரவில்லை என்று நிஸான் 2017இல் சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. கேட்ட தொகை 5,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்தியா இழுத்துப் பார்த்துவிட்டு 2020இல் சமரசம் பேசி முடித்தது. வழக்குப் போடத் தெரிந்த பணத்துக்கு அவ்வளவு மரியாதை.

இதே கிருஷ்ணகிரி வயலுக்குள் கெயிலின் எரிவாயுக் குழாய் நுழைந்தபோது? 1962ஆம் வருஷச் சட்டப்படி நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம், வாங்கிக்கொண்டு நகரு. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோ என்று மாநில அரசே கெஞ்சியும், 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் நின்றது. கடல் தாண்டி வந்தவர்களுக்கு நடுவர் தீர்ப்பாயம், நமக்குக் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு.

2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் 110 விதியின் கீழ் முதல்வர் அறிவித்தார்: ஓசூரில் 2,000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம், வருஷத்துக்கு 3 கோடிப் பயணிகள். மேசை தட்டினார்கள். பேரிகை, பாகலூர் பக்கம் இடமும் பார்த்தார்கள். அந்தப் பக்கம் கர்நாடகமும் கனகபுரா சாலையில் பெங்களூருவின் இரண்டாவது விமான நிலையத்துக்கு இடம் தேடுகிறது, 2033 முடிந்த கையோடு திறக்க.

விமானம் இறங்கத்தான் 2033 வரை தடை. பட்டா நிலத்தில் அளவுக்கல் நடுவதற்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு தடையும் இல்லை.